துப்பாக்கி வாங்க உரிமை இருக்கிறது; கிறிஸ்தவர் வாங்கலாமா?

கேள்வி: டல்லாஸ் நகருக்கு வெளியே குடியிருக்கிறோம். சென்ற ஆண்டுதான் கிரீன் கார்டு கிடைத்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்த பிறகு, கைத்துப்பாக்கி வாங்கியே தீரவேண்டும் என்று என் கணவர் நிற்கிறார். நாங்கள் போகும் அமெரிக்கச் சபையிலும், ஆராதனை நேரத்தில் ஆயுதத்துடன் காவல் நிற்கும் குழுவில் சேரும்படி அவரை அழைத்திருக்கிறார்கள். "பட்டயம் இல்லாதவன் வஸ்திரத்தை விற்றாவது வாங்கட்டும் என்று இயேசுவே சொன்னாரே" என்று மூப்பர் ஒருவர் கேட்கிறார். கணவரின் தம்பி எச்-1பி விசாவில் எங்களோடு தங்கியிருக்கிறார். எங்கள் பதினைந்து வயது மகன் ஓராண்டாக மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவருகிறான். வீட்டில் துப்பாக்கி வைப்பது பாவமா? கட்டுப்பாட்டுச் சட்டம் வேண்டும் என்று சொல்வது விசுவாசமா, வெறும் அரசியலா? சபையில் இதைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

பாவமா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய செய்தியை நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் இந்தக் காலகட்டத்தில் துப்பாக்கி வரக்கூடாது என்பதே என் ஆலோசனை. மற்ற கேள்விகளில் நல்ல கிறிஸ்தவர்கள் மாறுபடலாம், மாறுபட்டும் இருக்கிறார்கள். இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

துப்பாக்கி வன்முறை என்றதும் நம் மனக்கண்முன் வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தவனும், நள்ளிரவில் கதவை உடைப்பவனும்தான். ஆனால் 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 46,728 பேரில் ஏறத்தாழ 27,300 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். வேறு வழிகளில் முயன்றவர்களில் மிகப் பலர் பிழைத்து எழுகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. எந்த வழியிலாவது முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் மனம் இருண்டுபோகும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே பல சமயம் உயிரைத் தீர்மானிக்கிறது. அவனிடம் இதைப் பற்றி நேரடியாகக் கேட்பதற்கு அஞ்சாதீர்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவனுடைய மருத்துவரிடமும் வீட்டில் துப்பாக்கி வாங்கும் பேச்சு இருப்பதைச் சொல்லுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அவன் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் இன்றே பதிந்துகொள்ளுங்கள். இரவு பகல் எந்நேரமும் அதில் ஆள் இருப்பார்கள்.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் போதகராக ஊழியம் செய்கிறவன். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில் உறவினர்களை உட்காரவைக்கும் சிறு அறையில் ஒரு தகப்பன் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: பூட்டித்தான் வைத்திருந்தேன், ஐயா. அவர் சொன்னது உண்மை. இரும்புப் பெட்டகம் வாங்கியிருந்தார், எண் பூட்டும் போட்டிருந்தார். அந்த எண் மகனின் பிறந்த நாள். இதைச் சொல்லும்போதே அவருக்கு அது புரிந்தது. அதன்பிறகு அவரால் பேச முடியவில்லை. அவர் அன்பில்லாத தகப்பன் அல்லர். வெளியிலிருந்து வருகிறவனையே நினைத்துக்கொண்டு பூட்டியவர். உள்ளே இருக்கிறவனை நினைக்கவில்லை.

இப்போது வேதத்துக்கு வருவோம். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எல்லாரும் பட்டயத்தைப் பற்றிய வசனங்களையே புரட்டுகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உபாகமம் 22:8. "நீ புது வீட்டைக் கட்டினால், ஒருவன் உன் வீட்டின்மேலிருந்து விழுகிறதினாலே, நீ இரத்தப்பழியை உன் வீட்டின்மேல் சுமத்திக்கொள்ளாதபடிக்கு, அதற்குக் கைப்பிடிச்சுவரைக் கட்டவேண்டும்." வீடு கட்டுவது பாவம் என்று மோசே சொல்லவில்லை. மொட்டைமாடியில் உலாவுவதும் பாவம் அல்ல. ஆனால் யாரும் விழுவதற்கு முன்பே, விழக்கூடியவனை மனதில் வைத்துச் சுவரை எழுப்புவது வீட்டுக்காரன்மேல் விழுந்த கடமை; எழுப்பாமல் விட்டால் அது கவனக்குறைவு என்ற அளவில் நிற்காது, இரத்தப்பழியாகவே எண்ணப்படும். முட்டுகிற மாடு என்று அறிந்தும் கட்டிவைக்காத சொந்தக்காரனைப் பற்றி யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் சொல்வதும் இதே கண்டிப்போடுதான் இருக்கிறது. ஆபத்தான ஒன்றை உடைமையாக வைத்திருக்கிறவன் தன் எண்ணம் நல்லது என்பதால் மட்டும் தப்பமுடியாது என்பது தேவனுடைய நியாயம். துப்பாக்கியைப் பற்றிக் கிறிஸ்தவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "எனக்கு உரிமை உண்டா" என்பது அல்ல என்று நான் நம்புவதும் இதனால்தான். உரிமை உண்டு. அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் 1791 முதல் இருக்கிறது. அது தனிமனிதருக்கே உரிய உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே பிறனுடைய பிரயோஜனத்தைத் தேடச் சொல்கிறார். உரிமை எங்கே முடிகிறதோ அங்கேதான் நம்முடைய கேள்வி தொடங்குகிறது: இந்தப் பொருளால் யார் விழக்கூடும், அவருக்காக நான் என்ன சுவர் எழுப்பியிருக்கிறேன்?

மூப்பர் காட்டிய லூக்கா 22:36-ஐ அந்த அதிகாரத்தின் முடிவுவரைக்கும் படியுங்கள். சீஷர்கள் இரண்டு பட்டயங்களைக் காட்டியதும் ஆண்டவர் "போதும்" என்கிறார். உரோமச் சேவகரையும் ஆலயக் காவலரையும் எதிர்க்கப் பதினொரு பேருக்கு இரண்டு பட்டயம் எப்படிப் போதும்? தாம் அக்கிரமக்காரரில் ஒருவராக எண்ணப்படவேண்டும் என்ற தீர்க்கதரிசன வாக்கியம் நிறைவேறுவதைப் பற்றியே அவர் அங்கே பேசுகிறார் என்பது இடையில் வரும் 37-ஆம் வசனத்திலேயே தெரிகிறது. சில மணி நேரத்துக்குள் அந்தப் பட்டயங்களில் ஒன்று உருவப்பட்டு ஒரு வேலைக்காரனின் காதை வெட்டியபோது, அவர் அதைத் தடுத்து நிறுத்தி, வெட்டுண்டவனின் காதைத் தொட்டுச் சொஸ்தமாக்கினார். "பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்" என்று மத்தேயு எழுதியிருப்பதும் அந்த இரவில் சொல்லப்பட்டதுதான். ஆயுதம் வாங்குவதற்குக் கட்டளையாக இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ள இடமே இல்லை.

அதற்காக, தற்காப்பு முழுவதையும் வேதம் கண்டிக்கிறது என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். இரவில் கன்னமிடுகிற திருடன் அடிபட்டுச் செத்தால் இரத்தப்பழி இல்லை, சூரியன் உதித்திருந்தால் உண்டு என்று யாத்திராகமம் 22 பிரித்துச் சொல்கிறது. வீட்டுக்காரரின் பயத்தைத் தேவன் அறிந்திருக்கிறார். அந்தப் பயத்துக்கு ஓர் எல்லையையும் வைக்கிறார். திருச்சபையின் பெரியவர்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. தன் உயிரைக் காக்கும்பொருட்டுத் தனிமனிதன் இன்னொருவனைக் கொல்வதை அகுஸ்தீன் ஏற்கவில்லை; தாக்குதலின் அளவுக்கு மிஞ்சாத தற்காப்பைத் தாமஸ் அக்குவினாஸ் அனுமதித்தார்; மெனோனைட், ஆமிஷ் சபைகள் எந்த ஆயுதத்தையும் மனிதனுக்கு எதிராக எடுப்பதில்லை. ஆகவே பூட்டிய பெட்டகத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு விசுவாசியைப் பாவி என்று அழைக்க எனக்கு அதிகாரம் இல்லை. உங்கள் கணவரையும் நீங்கள் அப்படிப் பேசவேண்டாம்.

மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கையை உங்கள் கணவரோடு சேர்ந்து எண்ணிப்பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1956 ஜனவரியில் மான்ட்கோமரியில் அவர் வீட்டின்மேல் வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதன்பிறகு அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார், அதிகாரிகள் மறுத்தார்கள். அவர் வீட்டில் அப்போது துப்பாக்கி இருந்தது, காவல் நின்றவர்களிடமும் இருந்தது. ஆனால் சாத்வீகப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டே வீட்டில் ஆயுதம் வைத்திருப்பது எப்படி என்று யோசித்து, அதை விட்டுவிட்டார். 1968 ஏப்ரல் 4-இல் அவரே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். 1974 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, அட்லாண்டாவின் எபெனேசர் பாப்டிஸ்ட் சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் ஆல்பர்ட்டா கிங்கையும் ஒருவன் சுட்டுக்கொன்றான். அப்படியிருந்தும் அந்தக் குடும்பம் மரணதண்டனையை எதிர்த்தே நின்றது. கொலையாளியின் தண்டனை பிற்பாடு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஆயுதத்தைக் கைவிட்டால் பிழைத்துக்கொள்வாய் என்று இயேசு யாருக்கும் வாக்களிக்கவில்லை. அந்த விலையை அறிந்தே ஒருவர் கைவிடுகிறார். இன்னொருவரை அப்படிக் கைவிடும்படி நாம் கட்டாயப்படுத்த முடியாது.

சபையின் காவல் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் டெக்சாஸ் மாநிலத்திலேயே நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்க்கவேண்டும். 2019 டிசம்பர் 29 அன்று வைட் செட்டில்மென்ட் நகரில், ஆராதனை நடுவே துப்பாக்கியை எடுத்த ஒருவன் இரண்டு பேரைக் கொன்றான். காவல் நின்ற சபையார் ஒருவர் அவனை ஆறு வினாடிக்குள் சுட்டு வீழ்த்தினார். அவர் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது எளிதல்ல. 2017 நவம்பர் 5 அன்று சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் ஊரின் முதல் பாப்டிஸ்ட் சபையில், தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் அயல்வீட்டுக்காரர் ஒருவர் தம் துப்பாக்கியோடு ஓடிவந்து கொலைகாரனை எதிர்த்துச் சுட்டார். உங்கள் சபையில் இந்த அளவுக்குப் பேசியிருப்பார்கள்.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். அந்தக் கொலைகாரன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் அவருடைய குழந்தையையும் அடித்த குற்றத்துக்காக 2012-இல் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன். அந்தத் தண்டனை, துப்பாக்கி வாங்குகிறவரைப் பற்றிய பின்னணிச் சோதனைக்கான பதிவேட்டில் ஏறியிருந்தால் எந்தக் கடைக்காரரும் அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்க முடியாது. விமானப்படை அந்தத் தகவலை அனுப்பவில்லை. அவன் கடைக்குப் போனான், படிவத்தை நிரப்பினான், வாங்கிக்கொண்டு வந்தான். நடந்ததில் அரசுக்கு அறுபது விழுக்காடு பொறுப்பு உண்டு என்று 2021-இல் நீதிமன்றம் கூறியது. தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் சபையில் 2015 ஜூன் 17 அன்று நடந்ததும் இதுபோலவே. மாற்கு நான்காம் அதிகாரத்தைத் தியானித்துக்கொண்டிருந்த வேதபாடக் கூட்டத்துக்கு ஓர் அந்நிய இளைஞன் வந்தான். அவனுக்கு நாற்காலி போட்டு, வேதபாடத் தாளையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர்கள் கண்களை மூடி ஜெபிக்கத் தொடங்கியபோது போதகர் உட்பட ஒன்பது பேரைச் சுட்டான். அவன் துப்பாக்கி வாங்கப் போனபோது அவனுடைய போதைப்பொருள் வழக்கின் பதிவைச் சரியான காவல் நிலையத்திலிருந்து பெறமுடியாமல் சோதனை இழுத்துக்கொண்டு போனது. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்ற விதியின்படி துப்பாக்கி அவன் கைக்குப் போனது. கொலைகள் நடந்து இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், காணொளி வழியே தோன்றிய அவனைப் பார்த்து "உன்னை மன்னிக்கிறேன்" என்று உறவினர் சிலர் சொன்னதை உலகமே பார்த்தது. இறந்தவர்களின் குடும்பத்தாரில் சிலர் பின்னாளில் அந்த மூன்று நாள் விதியை மாற்றவேண்டும் என்று பொதுமேடைகளில் பேசினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மன்னிப்பும் சட்டத் திருத்தமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆகவே காவல் குழுவில் சேருவதா என்று தீர்மானிக்குமுன் மூப்பர்களிடம் சில கேள்விகளை உங்கள் கணவர் கேட்கட்டும். குழுவுக்குப் பயிற்சி அளிப்பவர் யார், அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது? நூறு பேர் ஓடி ஒளியும் கூடத்தில் தவறான ஆளைச் சுடாமல் இருக்க என்ன ஏற்பாடு? பழக்கமில்லாத கறுப்பின இளைஞரோ தலைப்பாகை கட்டிய சீக்கியரோ உள்ளே வந்தால் குழுவின் கை எங்கே போகும்? இதற்கெல்லாம் தெளிவான பதில் இல்லாத குழுவில் அவர் சேரவேண்டாம். கதவருகே நின்று வருகிறவரை வரவேற்கவும், கலங்கியிருப்பவரை அடையாளம் கண்டு பேசவும், காயத்தில் இரத்தத்தை நிறுத்தவும் பயிற்சி பெற்றவர்கள் எந்தச் சபைக்கும் வேண்டும். அந்தப் பணிக்கு அவர் ஆயுதமின்றியே போகலாம்.

சட்டம் கேட்பது விசுவாசமா, அரசியலா என்ற கேள்விக்கு வருகிறேன். "துப்பாக்கியில் இல்லை குற்றம், இருதயத்தில்தான்" என்பார்கள். கொலைபாதகம் இருதயத்திலிருந்து புறப்படுகிறது என்று சொன்னவர் ஆண்டவர். நான் அதை மறுக்கமாட்டேன். ஆனால் இருதயம் கேடுள்ளது என்பதை அறிந்த அதே தேவன்தான் அடைக்கலப்பட்டணங்களை ஏற்படுத்தச் சொன்னார். உபாகமம் 19-ஐப் பாருங்கள். பழிவாங்க வருகிறவனின் மனம் எரிந்துகொண்டிருக்கும், வழி தூரமானால் ஓடுகிறவன் பிடிபட்டுச் செத்துப்போவான் என்பதற்காக, தேசத்தை மூன்றாகப் பகுத்துப் பட்டணங்களைப் பிரித்துவைக்கவும் வழியைச் செப்பனிடவும் கட்டளை இருக்கிறது. எரிகிற மனதுக்கும் சாகிற மனிதனுக்கும் இடையே ஒரு மதிலையும் சற்றுக் கால அவகாசத்தையும் வைப்பது சட்டத்தின் வேலை என்று தேவன் கருதினார். கலிஃபோர்னியாவில் துப்பாக்கி வாங்கப் பத்து நாள் காத்திருக்கவேண்டும் என்று இருப்பது எனக்கு அந்த அதிகாரத்தை நினைவூட்டுகிறது. இருதயத்தை மாற்றுவது சுவிசேஷத்தின் வேலை. மாறாத இருதயத்தின் கையைத் தாமதப்படுத்துவது ஆளுகையின் வேலை.

நான் எவற்றை ஆதரிக்கிறேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். உரிமம் பெற்ற கடைகளுக்கு 1993-ஆம் ஆண்டின் பிராடி சட்டம் விதித்த பின்னணிச் சோதனை, தனிநபர்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்கும் வரவேண்டும். கூட்டரசுச் சட்டத்தில் இன்றும் அந்த இடைவெளி இருக்கிறது. வன்முறைக்கோ தற்கொலைக்கோ அருகில் இருக்கிறவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின்பேரில் தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்கும் சட்டம் வேண்டும். 2018-இல் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தபின் ஃபுளோரிடா அதை நிறைவேற்றியது, ஆளுநரும் சட்டமன்றமும் குடியரசுக் கட்சியினரே; டெக்சாஸில் அது இல்லை. வீட்டு வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்ற சட்டத்தை, டெக்சாஸிலிருந்தே சென்ற வழக்கில், 2024-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதிசெய்தது. 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டனின் ஸ்காலியாவும் இந்த உரிமை எல்லையற்றது அல்ல என்று அதிலேயே குறித்தார். இவற்றில் எதுவும் உங்கள் மூப்பரின் பெட்டகத்தைத் திறந்து பறித்துக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் "ஜெபிக்கிறோம்" என்று மட்டும் சொல்வது, பசித்தவனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று அனுப்பிவிடுவதைப் பற்றி யாக்கோபு எழுதிய கடிந்துரைக்கு நம்மை ஆளாக்குகிறது.

உங்கள் கணவரின் தம்பியைப் பற்றி: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கூட்டரசுக் குற்றம். கிரீன் கார்டு உள்ள உங்கள் கணவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தம்பியும் எடுக்கக்கூடிய இடத்தில் துப்பாக்கி இருந்தால் அவர் சிக்கலில் மாட்டலாம். இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். பதினேழு வயதுக்கு உட்பட்டவர் கையில் துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக வைப்பது டெக்சாஸிலும் குற்றமே. மகன் தேறி, வீட்டைவிட்டுப் போன காலத்தில் கணவர் மறுபடியும் இதைப் பேசினால், தோட்டா தனியாகவும் துப்பாக்கி தனியாகவும் பூட்டப்படவேண்டும். எண்ணைப் பிறந்த நாளாகவோ வீட்டு எண்ணாகவோ வைக்கக்கூடாது.

கணவரிடம் பேசும்போது அவருடைய பயத்தைச் சிறுமைப்படுத்தாதீர்கள். குடும்பத்தைக் காக்கவேண்டும் என்ற தவிப்பு தேவன் தந்தது. வாசலுக்கு வெளிச்சம், கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள், அலாரம், இரண்டு பக்கத்து அயலாரோடு பேச்சுப் பழக்கம் ஆகியவற்றை இந்த மாதமே சேர்ந்து செய்யுங்கள். நாம் புலம்பெயர்ந்து வந்தவர்கள் பல சமயம் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறோம்.

சபையில் பேசப் பயம் என்றீர்கள். கிரீன் கார்டில் இருப்பவருக்கு வாக்கு இல்லை. ஆனால் உங்கள் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், அவரைச் சந்திக்க நேரம் கேட்கலாம். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி 140 நாட்கள் நடக்கும். எழுதவேண்டிய காலம் அதற்கு முந்தின மாதங்கள். சபையிலோ, சட்டத்திலிருந்து தொடங்கவேண்டாம். மனச்சோர்வுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு மாலைக் கூட்டம் வைத்து, துப்பாக்கியைப் பூட்டிவைப்பது பற்றி ஒரு மருத்துவரைப் பேச அழைக்கலாமா என்று போதகரிடம் கேளுங்கள். துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள்தான் அந்தக் கூட்டத்துக்கு முதலில் வரவேண்டியவர்கள். நீங்கள் நேரில் போய் அழைத்தால் அவர்கள் வருவார்கள் என்றே நினைக்கிறேன்.